கம்பி எங்கே போய் நிற்கிறது?

(வாசுதேவநல்லூரில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

வழக்கமா கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுவீங்க. இந்தத் தடவை அகலக்கற்றை, பாரத்நெட், கண்ணாடி இழை என்று தலைப்பு கொடுத்துட்டீங்க. நான் கணிப்பொறி படித்தவன் இல்லை. வங்கியில் எழுத்தர். ஆனா ஒண்ணு, காலையில் கவுண்டரில் உட்கார்ந்ததும் எதிரில் நிற்கிற ஆளைப் பார்ப்பதற்கு முன்னாடி திரையைத்தான் பார்க்கிறேன், லிங்க் இருக்கா இல்லையா என்று. லிங்க் இருந்தால் நான் எழுத்தர். இல்லையென்றால் அந்த நாற்காலியும் நானும் ஒண்ணுதான். அந்தத் தகுதியில்தான் பேச வந்திருக்கிறேன்.

ஒரு ஆச்சியைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். மலையடிவாரத்துக் காலனி ஒன்றிலிருந்து நூறு நாள் வேலைச் சம்பளம் எடுக்க வருவாள். இலவச பஸ் அவள் பக்கம் போகாது, மினிபஸ்தான். போக வரக் காசு. ஒருநாள் கேட்டேன், "ஏன் ஆச்சி, உங்க ஊருக்குத்தான் கைமிஷின் வச்சுக்கிட்டு ஒரு பையன் வாரானே, கைநாட்டு வச்சா அங்கேயே பணம் குடுப்பானே?" ஆச்சி சொன்னாள்: "வாராம்ய்யா. கோயில் வாசல்லல்லா உக்காந்துருக்கான். அங்கதான் டவர் கிடைக்காம். நான் எங்குட்டு ஏறி நிக்க?"

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு சிக்னல் கிடைக்கிற இடத்தில் அவன் உட்காருகிறான். கோயில் வாசலில் யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று அவன் சட்டம் போடவில்லை. சிக்னலும் போடவில்லை. ஆனால் அந்த ஆச்சியின் சம்பளம் மினிபஸ் ஏறி வாசுதேவநல்லூர் சாலைக்கு வருகிறது. மேலத்தெருக்காரரின் சம்பளம் நடந்தே வீட்டுக்குப் போகிறது.

போகும்போது ஆச்சி இன்னொன்று கேட்டாள். "ஏதோ புதுசா கம்பி இழுக்காகளே, இண்டர்நெட்டுன்னு. அது எங்க போயி நிக்கி?" எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன்னால் வைக்கிறேன்.

முதலில் அந்தக் கம்பியின் கதை. 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. தேசியக் கண்ணாடி இழை வலைப்பின்னல். நாட்டிலுள்ள சுமார் 2.5 லட்சம் கிராம ஊராட்சிகளுக்கும் இழை போடுவது, 20,000 கோடி ரூபாய், இரண்டு வருடத்தில் முடிப்பது என்று திட்டம். 2015ல் பெயர் பாரத்நெட் ஆனது. முதல் ஒரு லட்சம் ஊராட்சி முடிந்தது 2017 டிசம்பரில். 2023 ஆகஸ்டில் திருத்திய திட்டத்துக்கு மறுபடி ஒப்புதல் கொடுத்தபோது ஒதுக்கிய தொகை 1,39,579 கோடி. தொகை எப்படி வளர்ந்திருக்கிறது பாருங்கள். வட்டி போடுகிற எனக்கே மலைப்பாக இருக்கிறது.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனிக்கணும். 2002ல் அனைவருக்கும் சேவை வழங்கும் நிதி என்று ஒன்று ஏற்படுத்தினார்கள். தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 சதவீதம் அதில் கட்ட வேண்டும். நிறுவனம் கட்டுகிறது என்றால் என்ன அர்த்தம்? நாம் ரீசார்ஜ் செய்கிற காசிலிருந்து அது கட்டுகிறது. ஆச்சியின் பேரன் போடுகிற ரீசார்ஜும் அந்த நிதியில் இருக்கிறது. 2023 தொலைத்தொடர்புச் சட்டம் அந்த நிதிக்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாற்றியது. பெயர் மாற்றுவதில் இவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆக, யாரும் நமக்குத் தர்மம் பண்ணவில்லை. இது நம் காசு.

தமிழ்நாட்டில் இந்த வேலையை மாநில அரசின் நிறுவனமான டான்ஃபிநெட் எடுத்துக்கொண்டது. 12,525 ஊராட்சிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜிகாபிட் வேகம். மதிப்பீடு 1,815 கோடி. 2020ல் டெண்டரில் குளறுபடி என்று அறப்போர் இயக்கம் புகார் எழுப்பி, மத்திய அரசு அந்த டெண்டரையே ரத்து செய்து மறுபடி விடச் சொன்னது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். அதற்கப்புறம்தான் வேலை ஓடியது. பெரும்பாலும் மண்ணுக்குள் புதைக்காமல் மின்கம்பங்கள் வழியாகவே இழுத்தார்கள். நம்ம பக்கம் சாலையோரக் கம்பங்களில் கறுப்பாகச் சுருட்டிக் கட்டியிருக்கிறதே, அதுதான். வாசுதேவநல்லூர் பேரூராட்சி என்பதால் இந்தக் கணக்குக்குள் வராது. சுற்றியிருக்கிற கிராம ஊராட்சிகளே வரும்.

அந்தக் கம்பி வேலை செய்கிற விதம் அழகானது. தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை. அதற்குள் வெளிச்சம் ஓடுகிறது. செம்புக் கம்பி தூரம் போகப்போகச் சோர்ந்துவிடும். கண்ணாடி அவ்வளவு சீக்கிரம் சோர்வதில்லை. மலையடிவாரமோ சென்னையோ, வெளிச்சத்துக்கு ஒண்ணுதான். ஒன்றியத் தலைநகரிலிருந்து வருகிற இழை ஊராட்சியில் ஒரு பெட்டியில் முடிகிறது. அந்தப் பெட்டியிலிருந்துதான் பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் வீடுகளுக்கும் கிளை பிரியணும். பெட்டி வரைக்கும் அரசுத் திட்டம். பெட்டிக்கு அப்புறம்?

பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்க நானும் ஒரு நண்பரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊராட்சி ஒன்றுக்குப் போனோம். பெயர் வேண்டாம். ஊராட்சிக் கட்டடம் பூட்டியிருந்தது. ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தால் இரும்பு அலமாரி, அதற்குள் இரண்டு பச்சை விளக்கு மினுங்குகிறது. அரசுக் கணக்கில் அந்த ஊராட்சி இணைக்கப்பட்டுவிட்டது. அங்கிருந்து காலனிக்கு நடந்தோம். என் நடையில் எட்டு நிமிசம். நடுவில் ஒரு ஓடைப் பாலம். பாலம் வரைக்கும் கம்பத்தில் கறுப்பு வயர் வருகிறது. பாலத்துக்கு அந்தப்புறம் மின்கம்பி மட்டும்தான் போகிறது.

அந்தப் பகுதியில் கேபிள் நடத்துகிறவரிடம் கேட்டோம். நல்ல மனுசன், டீ வாங்கிக் கொடுத்தார். "அண்ணாச்சி, அங்க இழுத்தா எத்தனை கனெக்சன் விழும்? மாசாமாசம் காசு வருமா? நான் சாதியெல்லாம் பாக்கல, வரவு செலவுதான் பாக்கேன்" என்றார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அதுதான் இதில் சிக்கல். யாரும் சாதி பார்க்காமலேயே கம்பி பாலத்தில் நின்றுவிடுகிறது. பாலத்துக்கு அந்தப்புறம் ஏன் காசு இல்லை, ஏன் அந்தப்புறம் என்று ஒரு அந்தப்புறமே இருக்கிறது என்ற கேள்விகள் அவருடைய கணக்கு நோட்டில் வராது.

ஊராட்சி அலுவலகம் என்றால் ஊருக்குப் பொதுவான இடம்தானே என்று திட்டம் போடுகிறவன் டெல்லியில் உட்கார்ந்து நினைக்கிறான். நமக்குத் தெரியாதா? 1997 சூன் 30ல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் எதற்காகக் கொல்லப்பட்டார்? அந்த அலுவலகத்து நாற்காலிக்காக. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 தொடங்கி 2006 வரை பத்து வருடம் ஒரு தலித் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. 2020ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவியைத் தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்தினார்கள். படம் வெளிவந்த பிறகுதான் வழக்கு. அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு பெட்டியை வைத்துவிட்டு 'கிராமம் இணைக்கப்பட்டது' என்று எழுதினால், எந்தக் கிராமம், யாருடைய கிராமம் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

இப்போ மின்சாரத்துக்கு வருகிறேன். என் பேச்சின் நடு இதுதான், இளைஞர்கள் இதை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிராமம் மின்சாரம் பெற்ற கிராமம் என்று எதை வைத்துச் சொல்வார்கள்? 1997 வரைக்கும் மத்திய அரசின் இலக்கணம் இதுதான்: அந்த வருவாய்க் கிராமத்தின் எல்லைக்குள் எங்கேயாவது, எதற்காகவாவது மின்சாரம் பயன்பட்டால் போதும். அதாவது பண்ணையார் வயலில் ஒரு பம்புசெட் ஓடினால் கிராமம் முழுக்க மின்சாரம் வந்ததாகக் கணக்கு. ஊரில் ஒரு வீட்டிலும் விளக்கு எரிய வேண்டாம். சேரியில் ஒரு கம்பமும் நட வேண்டாம். புள்ளிவிவரத்தில் வெளிச்சம் வந்தாச்சு. 1997ல் கொஞ்சம் திருத்தி, மக்கள் குடியிருக்கிற பகுதியில் பயன்படணும் என்றார்கள். குடியிருக்கிற பகுதி என்றால் எந்தப் பகுதி? ஊர்தான். சேரி அப்போதும் கணக்கில் இல்லை.

2004ல் மத்திய மின்துறை புதிய இலக்கணம் கொடுத்தது. மூன்று நிபந்தனை. மின்மாற்றியும் கம்பியும் குடியிருப்புப் பகுதியிலும், தலித் குடியிருப்பு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கேயும் இருக்க வேண்டும். பள்ளி, ஊராட்சி அலுவலகம், சுகாதார நிலையம் மாதிரிப் பொது இடங்களுக்கு மின்சாரம் போயிருக்க வேண்டும். வீடுகளில் குறைந்தது பத்து சதவீதத்துக்காவது இணைப்பு இருக்க வேண்டும். பத்து சதவீதம் என்பது அநியாயம், மீதித் தொண்ணூறு வீடு இருட்டில் இருந்தாலும் சரி என்று அர்த்தம். 2018 ஏப்ரலில் இந்தியாவின் எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் போய்விட்டது என்று பிரதமர் அறிவித்தது இந்தப் பத்து சதவீதக் கணக்கை வைத்துத்தான். அதெல்லாம் இருக்கட்டும். நான் சொல்ல வருவது முதல் நிபந்தனை. தலித் குடியிருப்பு என்ற சொல், கம்பமும் மின்மாற்றியும் பற்றிய ஒரு தொழில்நுட்ப இலக்கணத்துக்குள் வந்துவிட்டது. சுதந்திரத்துக்கு அப்புறம் 57 வருசம் ஆயிருக்கிறது அந்த ஒரு சொல் அங்கே ஏற. பொதுவாகக் கிராமம் என்று எழுதினால் சேரி விடுபட்டுப்போகும் என்பதை அரசே ஒப்புக்கொண்ட ஆவணம் அது.

பாரத்நெட்டில் அந்தச் சொல் எங்கே? எண்ணுகிற அலகு கிராம ஊராட்சி. ஊராட்சித் தலைமைக் கிராமத்தில் பெட்டி வந்தால் ஒண்ணு. சேரிக்கு வந்ததா என்று கேட்க அந்தக் கணக்கில் கட்டமே கிடையாது. 2004ல் மின்சாரத்தில் கற்றுக்கொண்டதை 2011ல் இழை போடும்போது மறந்துவிட்டார்கள். நான் கேட்பது பெரிய புரட்சி ஒண்ணும் இல்லை. மின்சாரத்துக்கு நீங்களே எழுதிய வாசகத்தை இதற்கும் எழுதுங்கள் என்கிறேன்.

2023 திருத்தத்தில் ஊராட்சித் தலைமைக்கு வெளியே இருக்கிற சுமார் 3.8 லட்சம் கிராமங்களுக்கும் இழை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் 'கேட்டால்' தருவார்களாம். தேவையின் அடிப்படையில். தோழர்களே, கேட்பது என்பது இந்த மண்ணில் எல்லாருக்கும் ஒரே செயலா? இரட்டைமலை சீனிவாசன் 1924ல் சென்னை சட்டசபையில் பொதுச்சாலையில் நடக்கவும் பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் எல்லாருக்கும் உரிமை என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். அரசாணையும் வந்தது. ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றங்கரையில் போய்க் கேட்டவனுக்கு என்ன கிடைத்தது? 1927ல் மகத் குளத்தில் பாபாசாகேப்போடு தண்ணீர் அருந்தப் போனவர்களுக்கு என்ன கிடைத்தது? அடி. அங்கேயும் சட்டசபைத் தீர்மானம் இருந்தது, நகராட்சித் தீர்மானம் இருந்தது. கேட்டால் தருவோம் என்பவன், கேட்கிறவன் கேட்டுவிட்டு மறுநாள் எந்தத் தெரு வழியாக வேலைக்குப் போக வேண்டும் என்பதையும் யோசிக்கணும்.

ஒரு சிலர் சொல்வார்கள், இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறதே, ஜியோ வந்து 2016லேயே எல்லாம் மாறிவிட்டதே, கம்பி எதற்கு என்று. என் கவுண்டருக்கு வருகிற பிள்ளைகளைக் கேட்டுப்பாருங்கள். ஒரு வீட்டில் ஒரு போன். அதை அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்த டேட்டா, ரேசன் மண்ணெண்ணெய் மாதிரி. அதில் அக்கா தேர்வாணைய விண்ணப்பம் போடணும், தம்பி பாடம் பார்க்கணும். 2024 சூலையில் கட்டணத்தை ஏற்றினார்கள், எத்தனை வீட்டில் ரீசார்ஜ் நின்றுபோனது என்று யார் கணக்கெடுத்தார்கள்? 2011லிருந்து அரசு பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவச மடிக்கணினி கொடுத்தது. நம் காலனிகளுக்குள் கணினி நுழைந்ததே அப்படித்தான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கணினி வந்தது, கம்பி வரவில்லை. சினிமாப் பாட்டு கேட்கிற பெட்டியாக அது ஆனதற்குப் பிள்ளைகளைக் குற்றம் சொல்லக்கூடாது.

தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 2017-18ல் எடுத்த கணக்கு: கிராமப்புற வீடுகளில் இணைய வசதி 14.9 சதவீதம், கணினி 4.4 சதவீதம். இரண்டு வருசம் கழித்து கொரோனா வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டி, எல்லாரும் இணையத்தில் படியுங்கள் என்றார்கள். 2020 சூன் 1ந் தேதி, கேரளத்தில் இணைய வகுப்பு தொடங்கிய முதல் நாள், மலப்புரம் மாவட்டத்தில் ஒரு தலித் மாணவி இறந்துபோனாள். வீட்டில் டிவி பழுது, ஸ்மார்ட் போன் இல்லை. நாடே பேசியது, இரண்டு வாரம்.

கேரளம் அதற்கப்புறம் என்ன செய்தது என்பதையும் சொல்லணும், இல்லையென்றால் நியாயமில்லை. கே-ஃபோன் என்று அரசே ஒரு வலைப்பின்னல் அமைத்தது. திட்டம் கொரோனாவுக்கு முன்னாடியே போட்டது, தொடங்கி வைத்தது 2023 சூன் 5. இருபது லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது இலக்கு. முதல் கட்டமாகத் தொகுதிக்கு நூறு வீடு, 140 தொகுதிக்கு 14,000 வீடு என்றுதான் ஆரம்பித்தார்கள். இருபது லட்சத்துக்கும் பதினாலாயிரத்துக்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே கணக்குப் போடலாம். ஆனாலும் ஒரு வேற்றுமை உண்டு. அவர்கள் எண்ணுகிற அலகு வீடு. நம்முடையது அலுவலகம். வீட்டை எண்ணினால் எத்தனை வீடு விடுபட்டது என்று எதிர்க்கட்சிக்காரனாவது கேட்பான். அலுவலகத்தை எண்ணினால் நூற்றுக்கு நூறு காட்டிவிட்டுப் போய்விடலாம். அந்த மாநிலத்து உயர்நீதிமன்றம்தான் 2019 செப்டம்பரில், ஒரு விடுதி மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. சட்ட மாணவர்கள் தேடிப் படியுங்கள்.

உலகம் பெரியது, அங்கேயும் இதேதான் நடக்கிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2024ல் சொன்ன கணக்குப்படி 550 கோடிப் பேர் இணையத்தில், 260 கோடிப் பேர் வெளியில். அகலக்கற்றை என்றால் குறைந்தபட்சம் என்ன வேகம் என்பதில்கூட வர்க்கம் இருக்கிறது. இந்தியா 2023ல் வைத்த வரையறை நொடிக்கு 2 மெகாபிட். அமெரிக்கா 2024ல் வைத்தது 100. நம்முடைய அகலம் அவர்களுக்குச் சந்து.

ஆனால் அமெரிக்காவில் எல்லாருக்கும் நூறா? 1930களில் அங்கே அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களின் வரைபடம் போட்டு, கறுப்பர்கள் வாழ்கிற பகுதிகளைச் சிவப்பால் தீட்டியது. இங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று அதற்குப் பொருள். வங்கிக்காரன் என்பதால் அந்தச் சிவப்பு எனக்கு நன்றாகவே புரியும். 2017ல் கிளீவ்லாந்து நகரத்தில் சில ஆய்வாளர்கள் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் இணைப்புகளைத் தெருத்தெருவாக வரைபடத்தில் வைத்துப் பார்த்தார்கள். வறுமை மிகுந்த பகுதிகளை விட்டுவிட்டு மற்ற இடங்களில் வேகமான இணைப்பை மேம்படுத்தியிருக்கிறார்கள் என்று அறிக்கை வெளியிட்டார்கள். டிஜிட்டல் சிவப்புக்கோடு என்றார்கள் அதை. நிறுவனம் மறுத்தது. நம்ம கேபிள்காரர் சொன்ன அதே பதில்தான், நாங்கள் யாரையும் பாகுபாடு பார்க்கவில்லை.

இங்கேதான் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 2023 நவம்பரில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. இணைய இணைப்பில் வருமானம், இனம், நிறம், மதம் பார்த்துப் பாகுபாடு கூடாது. பாகுபாடு காட்டுகிற எண்ணம் இருந்ததா என்று மட்டும் பார்க்க மாட்டோம், விளைவு பாகுபாடாக இருந்தாலே விசாரிப்போம். நிறுவனங்கள் விடுமா, நீதிமன்றத்துக்குப் போயின. வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். எண்ணத்தை விட்டுவிட்டு விளைவைப் பார் என்ற அந்த அளவுகோல் நமக்கு வேண்டும். ஏனென்றால் எண்ணத்தை நிரூபிக்கச் சொன்னால் இந்த நாட்டில் சாதியே கிடையாது. எல்லாரும் நல்லவர்கள். கம்பி மட்டும் பாலத்தில் நிற்கும்.

அந்தக் கடைசி எட்டு நிமிசத் தூரத்தில் காசு மிச்சம் பிடிப்பது கடைசியில் மிச்சமும் இல்லை. ஆஸ்திரேலியா 2009ல் நூற்றுக்கு 90 வீடு வரை கண்ணாடி இழையே போடுவதாகத் தொடங்கியது. 2013ல் ஆட்சி மாறி, செலவு அதிகம், தெருமுனை வரைக்கும் இழை போதும், வீட்டுக்குப் பழைய செம்புக் கம்பியே இருக்கட்டும் என்றார்கள். 2020ல் அதே கட்சியின் ஆட்சியே மறுபடி வீடு வரைக்கும் இழை போடப் பணம் ஒதுக்கியது. அங்கே அது கட்சித் தகராறு. இங்கே தெருமுனைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருப்பது வேறே தகராறு.

நாம் எப்போதும் வலைப்பின்னலுக்கு வெளியே நின்று கெஞ்சியவர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1907 சூன் 19ல் அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அடுத்த வருடம் 'தமிழன்'. வாரப் பத்திரிகை. அது எப்படி கோலார் தங்கவயலுக்கும் ரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போனது? தபாலில். வெள்ளைக்காரன் தன் வியாபாரத்துக்கும் நிர்வாகத்துக்கும் போட்ட தபால் தடத்தில் நம் பாட்டன் தன் பௌத்தத்தை ஏற்றி அனுப்பினார். தபால்தலைக்குச் சாதி தெரியாது. பிந்திய காலத்தில் 'தமிழன்' தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. சுரங்கத்துக்குள் இறங்கின தொழிலாளர்கள் பத்திரிகை நடத்தினார்கள். அன்றைக்கு அந்தத் தடம் சேரி வரைக்கும் போனதா என்றால் போகவில்லை, ஆட்கள் தடத்தைத் தேடிப் போனார்கள். நாம் இனியும் தேடிக்கொண்டே போக முடியுமா என்பதுதான் கேள்வி.

பாபாசாகேப்பையும் இந்த இடத்தில் நினைக்கணும். அவரைச் சட்டப் புத்தகத்தோடு மட்டும் சிலை வைத்துவிட்டோம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சாரம் அவர் பொறுப்பில் இருந்தது. தனியாரிடம் விடுவதா, அரசே நடத்துவதா, மலிவாகவும் ஏராளமாகவும் எப்படிக் கொடுப்பது என்ற கேள்விகளை 1943ல் கொள்கைக் குழுவின் முன்னால் வைத்தவர் அவர். கம்பியும் கம்பமும் விடுதலை அரசியலுக்கு வெளியே இருக்கிற பொறியாளர் சமாச்சாரம் என்று அவர் நினைக்கவில்லை.

கம்பி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவும் நான் வரவில்லை. கம்பி வந்த தெருக்களில் முதலில் ஓடுவது எது? அரிவாளோடு போடுகிற சாதிப்பெருமை வீடியோ. பள்ளிக்கூடப் பையன்கள் கையில் கட்டுகிற கலர் கயிறு இப்போது போன் திரையிலும் கட்டப்படுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை வீடு புகுந்து வெட்டியது அவரோடு படித்த பையன்கள். அதற்கப்புறம் நீதிபதி சந்துரு குழு அமைத்து, 2024 சூனில் அறிக்கை வந்தது. நம்மிடம் கம்பி இல்லாமல் அவர்களிடம் மட்டும் இருந்தால் நம்மைப் பற்றி அவர்கள் பேசுவதை நாம் கேட்கக்கூட முடியாது, பதில் சொல்வது அப்புறம். 1995 ஆகஸ்ட் 31ல் கொடியங்குளத்துக்குள் போலீஸ் புகுந்தபோது என்னென்னத்தை உடைத்தார்கள் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். டிவியை உடைத்தார்கள், ரேடியோவை உடைத்தார்கள், சான்றிதழ்களைக் கிழித்தார்கள். வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய காசில் நம் வீட்டுக்குள் உலகம் பேசுகிற ஒரு பெட்டி இருப்பதே அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

இன்றைக்கு அரசு நம்மிடம் பேசுவதே இந்தக் கம்பி வழியாகத்தான். 2023 சனவரி 1 முதல் நூறு நாள் வேலைத் தளங்களில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை போனில் படம் எடுத்து ஏற்றினால்தான் வருகை என்று ஆக்கினார்கள். சிக்னல் இல்லாத கண்மாயில் மண் வெட்டினவன் அன்றைக்கு வேலைக்கு வராதவன். ரேசன் கடையில் விரல் வைக்கணும். உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பம். கம்பியைக் கொடுக்காமல், கம்பி வழியாக வா என்கிறார்கள். கிணற்றை மூடிவைத்துவிட்டுக் குளிக்காமல் வருகிறான் என்று சொன்ன அதே நியாயம்.

முடியாது, மலையடிவாரம், லாபம் இல்லை என்கிறவர்களுக்கு ஒன்று. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை கிராமத்தில் ஸோகோ நிறுவனம் அலுவலகம் வைத்து உலகம் முழுக்க மென்பொருள் விற்கிறது. 2011லேயே இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். இதே மலை, இதே காற்று, இதே மழை. வேணும் என்று ஒருத்தர் முடிவு செய்தால் வருகிறது. வாசுதேவநல்லூர் தனித்தொகுதி, சங்கரன்கோவில் தனித்தொகுதி, தென்காசி நாடாளுமன்றமும் தனித்தொகுதி. மூன்று தனி சேர்ந்தும் ஒரு ஓடைப் பாலத்தைத் தாண்ட முடியவில்லை.

செய்ய வேண்டிய வேலையைச் சொல்லிவிட்டு உட்காருகிறேன். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஒவ்வொரு ஊராட்சிக்கும் கேளுங்கள்: பெட்டி எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, அது இருக்கிற தெரு எது, எந்தத் தேதியிலிருந்து இயங்குகிறது, அதிலிருந்து கொடுத்த இணைப்புகள் தெருவாரியாக எத்தனை. தெருவாரியாக என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள், அது இல்லையென்றால் மொத்தமாக ஒரு எண்ணை எழுதி அனுப்பிவிடுவார்கள். இரண்டாவது, கிராமசபை. வருடத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. காலனிப் பள்ளிக்கூடம், அங்கன்வாடி, நூலகம், சமுதாயக்கூடம் என்று எது இருக்கிறதோ அதற்கு முதல் இணைப்பு என்று தீர்மானம். அந்த ஊராட்சியை இணைக்கப்பட்டதாகக் கணக்கிடுவதற்கு முன் தலித் குடியிருப்பில் இணைப்பு முனை இருக்க வேண்டும், 2004 மின்துறை இலக்கணத்தின்படி என்று இரண்டாவது வரி. தனி ஆளாகப் போய் வாசிக்க வேண்டாம், பத்துப் பேராகப் போங்கள், பெண்கள் முன்வரிசையில் இருக்கட்டும், வாசிப்பதைப் போனில் பதிவு செய்யுங்கள்.

வாசகத்தை எழுதி நகல் எடுத்து வந்திருக்கிறேன், முப்பது இருக்கிறது. யார் எந்த ஊராட்சி என்று பின்பக்கம் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆச்சியின் ஊராட்சியை நான் எடுத்துக்கொள்கிறேன்.